அக்காவின் மூன்று வரிசைகள்

என் அக்காவைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. அவள் மேல் பாதி, அவளைப் பேசியவர்கள் மேல் பாதி. மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, அது யார் மேல் என்று போகப் போகச் சொல்கிறேன். பாதியும் பாதியும் போனால் மிச்சம் ஏது என்று கேட்காதீர்கள். என் கோபம் எந்தக் கணக்கிலும் அடங்காது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

'கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்' என்று மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், எனக்காகப் பரிந்து பேசுவார். பாவம் நல்ல மனுஷன். நான் பார்த்த வரையில் கோபம் இருக்கிற இடத்தில் கோபம்தான் இருக்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறோம். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருபத்தொரு வருஷம் இருந்தேன். அக்கா தரைத் தளத்தின் கடைசியில் உள்ள கம்ப்யூட்டர் அறையில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறாள், பதினான்கு வருஷமாக, ஒப்பந்தத்தில். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் 'கத்திரி'. எதிரில் யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்த்து "என்ன வேணும்?" என்றுதான் கேட்பாள்.

டேட்டாபேஸ் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. எங்களிடம் வருகிற ஒவ்வொருவருடைய பெயர், ரத்த வகை, படுக்கை எண், போட்ட ஊசி, எடுத்த எக்ஸ்ரே எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கிறது. நாங்கள் திரையில் எதைத் தட்டினாலும் அது அங்கே கேள்வியாகப் போய்ப் பதிலாகத் திரும்பி வரும். நான்காம் படுக்கைக்காரருக்கு என்ன ரத்த வகை என்று நான் கேட்டால் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். பத்து வருஷத்தில் வந்த அத்தனை பேருக்கும் கொடுத்த அத்தனை மருந்தையும் மாதவாரியாகப் பிரித்துக் கொடு என்று இன்னொருவர் கேட்டால், லட்சக்கணக்கான பதிவுகளை ஒன்றுவிடாமல் புரட்ட வேண்டும். அதைப் புரட்டி முடிக்கிற வரைக்கும் என் நான்காம் படுக்கைக்காரர் வரிசையில் நிற்பார். ஒரே இயந்திரம், ஆயிரம் வாய்.

இந்த வேலையை அக்கா படித்துக் கற்றுக்கொண்டாள் என்று சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பதினான்கு வயதிலேயே எங்கள் வீட்டுக் குளியலறையில் அதை ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டில் எட்டுப் பேர், குளியலறை ஒன்று. காலை ஆறரை மணிக்கு அப்பா வேலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். முகச்சவரம், பாட்டு, எண்ணெய்க் குளியல் என்று முக்கால் மணி நேரம். வெளியே நாங்கள் துண்டும் கையுமாக நிற்போம். அம்மா கத்துவாள், அப்பா கத்தாமல் பஸ்ஸை விடுவார். ஒரு நாள் அக்கா ஒரு தாளில் வரிசை எழுதிக் கதவில் ஒட்டினாள். சீக்கிரம் கிளம்ப வேண்டியவர்கள் முதலில். பள்ளிக்கூடம் போகிறவர்கள் அடுத்து. நேரம் பிடிக்கிறவர்கள் கடைசியில். ஆளுக்குப் பத்து நிமிஷம். சித்தப்பா அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பதினோராவது நிமிஷம் அக்கா மாடிக்குப் போய்த் தொட்டிக் குழாயை மூடிவிட்டாள்.

"யாருடி தண்ணிய நிறுத்தினது?"

"நான்தான் சித்தப்பா. பத்து நிமிஷம் ஆச்சு."

"தலையெல்லாம் சோப்பு இருக்குடி."

"வாளில பாதி தண்ணி இருக்கு, அதுல அலசிட்டு வாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நாள் முழுக்கக் குளிங்க, யாரும் கேக்க மாட்டாங்க."

அப்பா அன்றைக்கு பஸ்ஸைப் பிடித்தார். மறு வாரம் அப்பாவே ஐந்து நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொண்டபோது அவருக்கும் குழாய் நின்றது. அக்கா தன் பெயரைக் கடைசியில் எழுதியிருந்தாள். அதனால் வாரத்தில் மூன்று நாள் குளிக்காமல் பள்ளிக்கூடம் போனாள். என்ன பெண் இவள் என்று எனக்கு அப்போதே எரிச்சல்.

ஆஸ்பத்திரிக்கு அவள் வந்தபோது இதே கதைதான் பெரிதாக நடந்துகொண்டிருந்தது. தினமும் காலை பத்து மணிக்கு எல்லாத் திரையிலும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். மேல் மாடி அலுவலகத்தில் யாரோ அறிக்கை எடுப்பார்கள், கீழே மருந்துக் கவுன்டரில் அறுபது பேர் நிற்பார்கள். எல்லோரும் 'சிஸ்டம் ஸ்லோ' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அக்கா ஒரு மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொரு கவுன்டர் பக்கத்திலும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். யார் என்ன கேட்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது, அது வராவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எழுதினாள். பிறகு எல்லோரையும் மூன்று வரிசையாகப் பிரித்தாள். முதல் வரிசை அவசர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி, பரிசோதனைக் கூடம். இரண்டாவது வார்டுகளும் மருந்தகமும். மூன்றாவது அலுவலகம், ஆவண அறை, அறிக்கை எடுக்கிறவர்கள். பகலில் மூன்றாம் வரிசைக்கு இயந்திரத்தில் ஒரு சின்னப் பங்குதான் கிடைக்கும். முப்பது விநாடிக்குள் முடியாத கேள்வி வெட்டப்படும். பெரிய அறிக்கை வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், கூட்டம் அடங்கியபின் அதுவாக ஓடி, காலையில் மேசையில் இருக்கும். தன்னுடைய லாகினையும் மூன்றாம் வரிசையில்தான் வைத்துக்கொண்டாள்.

முதல் வரிசைக்கு மட்டும் வரம்பே வைக்கவில்லை. "உயிர் போற நேரத்துல ஒருத்தர் கேட்ட கேள்விய நான் எப்படிப் பாதியில வெட்டுவேன்?" என்பாள். அவசரத்தில் இருக்கிறவர்கள் பெரிய கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நம்பினாள். அதாவது எங்களை நம்பினாள்.

வட்டம் சுற்றுவது நின்றது. யாராவது நன்றி சொன்னார்களா? ஒருத்தரும் இல்லை. வேகமாக வருகிற திரையை யாரும் கவனிப்பதில்லை, வெட்டுப்பட்ட கேள்வியைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். அதில் முதல் ஆள் அறிக்கைப் பிரிவில் இருந்தவர். எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்வதால் அவர் பெயரே 'சதவீதம்' ஆகிவிட்டது. கண்காணிப்பாளருக்கு வலது கை. கண்காணிப்பாளருக்கோ எந்தக் கூட்டத்திலும் கையில் ஒரு புள்ளிவிவரம் இல்லாவிட்டால் கைகால் ஓடாது.

இந்த வருஷம் ஒரு திங்கட்கிழமை என் கேள்வியையும் கத்திரி வெட்டியது. நர்ஸுகளுக்கு டியூட்டிப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. அதற்காக ஆறு மாதத்து ஷிப்டுகளை மொத்தமாகக் கேட்டேன். பட்டியல் வேலை அலுவலக வேலை என்று அதை மூன்றாம் வரிசையில் வைத்திருந்தாள். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் வெட்டு. சாயங்காலம் வீட்டில் பிடித்துக்கொண்டேன். நாங்கள் ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருக்கிறோம், சமையலறை பொது.

"கூடப் பொறந்தவளாச்சேன்னு ஒரு இது வேண்டாமா உனக்கு?"

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "மாசம் மாசமாப் பிரிச்சுக் கேட்டிருந்தா வந்திருக்கும்."

"எனக்கு மட்டும் ஒரு நாள் விட்டா குடி முழுகிடுமா?"

"கூடப் பொறந்தவளுக்குன்னு தனி வரிசை இல்லடி."

மாமா என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன். உனக்கு ஒரு நாள் பாடம் கற்பிக்காமல் விட மாட்டேன் என்று மனசுக்குள் கறுவினேன். இதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணிக்கு மூன்றாம் மாடியில் கூட்டம். அறிக்கைகள் ஏன் தாமதமாகின்றன என்று விளக்கம் கேட்க அக்காவையும் வரச்சொல்லியிருந்தார்கள். அந்தக் கூட்ட அறைக்குள் போனை எடுத்துப் போகக் கூடாது, வாசலில் ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். டேட்டாபேஸில் ஏதாவது முட்டிக்கொண்டால் அலறுகிற போன் அது. அந்தப் போனும் தட்டில் கிடந்தது.

பத்து நாற்பதுக்குச் சதவீதம் மூச்சு வாங்க என் மேசைக்கு வந்தார்.

"சிஸ்டர், ஒரு உதவி. உங்க லாகின்ல ரெண்டே நிமிஷம் உக்காந்துக்கறேன். கூட்டத்துல ஒரு விவரம் கேக்குறாங்க. என் லாகின்ல போட்டா உங்க அக்கா சிஸ்டம் வெட்டிடுது."

அவசர சிகிச்சை லாகின் எங்கள் பிரிவுக் கம்ப்யூட்டரில்தான் வேலை செய்யும். அதனால்தான் ஆள் இறங்கி வந்திருக்கிறார். எனக்கு முந்தின நாள் நினைப்பு வந்தது. கடவுச்சொல்லை நானே தட்டி, நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காருங்க சார், இங்க யாரும் வெட்ட மாட்டாங்க" என்றேன். ஊசி போட உள்ளே போகும்போது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு சிரித்தவள் நான்தான்.

பத்து வருஷத்து மருந்து விவரம். பத்து நாற்பத்திரண்டுக்கு அவர் அதை ஓடவிட்டார். முதல் வரிசையில், வரம்பில்லாமல், இயந்திரத்தின் முழுப் பலத்தோடு.

பத்து நாற்பத்து நான்குக்கு ஒரு பெயிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு மாடி உயரச் சாரத்திலிருந்து விழுந்தவர். வெளியே காயம் சின்னது, உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் பொருந்துகிற ரத்தம் எங்களிடம் ஒரு பை இருந்தது, அதை ஏற்றினோம். அவருக்குப் பொருந்துகிற ரத்தம் கேட்டுத் திரையில் எழுதினால் வட்டம் சுற்றியது. ரத்த வங்கிக்குப் போன் போட்டால் அங்கேயும் வட்டம். டாக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார். நான் மேசைக்கு ஓடினேன். அந்தக் களேபரத்தில் சதவீதம் எழுந்து போயிருந்தார், அவர் திறந்த அறிக்கை திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்தேன். எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். திரையை அணைத்தால் கேள்வி நிற்காது, அது உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது.

காகிதத்தில் எழுதி ரத்தம் கேட்கிற படிவம் எங்கோ அலமாரியில் இருந்தது. பூட்டிய அலமாரி. வார்டு உதவியாளர் ஒருத்தி மூன்றாம் மாடிக்கு ஓடிப்போய்க் கூட்டத்தின் கதவைத் தள்ளித் திறந்து அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா படிகளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடியதை நான்கு பேர் பார்த்தார்கள். பதினொன்று ஒன்றுக்கு அவள் அந்தக் கேள்வியை வெட்டினாள். மறு விநாடி எல்லாத் திரையும் உயிர்பெற்றது.

பதினேழு நிமிஷம்.

பெயிண்டர் பிழைத்துக்கொண்டார். ஆனால் கண் திறக்க ஐந்து நாள் ஆனது, திறந்தபோது வலது கையைத் தூக்க முடியவில்லை. டாக்டரிடம் கேட்டேன். "அந்தப் பதினேழு நிமிஷத்தாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார்.

செவ்வாய் சாயங்காலம் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றாள். எந்த லாகின், எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணி என்பதெல்லாம் இயந்திரம் எழுதி வைத்திருந்தது. யார் உட்கார்ந்தது என்பதை மட்டும் அது எழுதாது.

"உன் நாற்காலில யாரு உக்காந்திருந்தா?"

"தெரியாது. நான் ஊசி போட உள்ள போயிருந்தேன்."

என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் பார்த்த கண். "சரி" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போனாள். தன் அறிக்கையில் 'இயக்கியவர் யார் என்று எனக்குத் தெரியாது' என்று எழுதினாள். ஊகத்தை அவள் எழுத மாட்டாள், தன் வேலையே போவதாக இருந்தாலும்.

அதுதான் நடக்க இருந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓலை வந்தது. முதல் வரிசைக்கு வரம்பு வைக்காதது கடுமையான கவனக்குறைவு, ஏன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளக் கூடாது, அடுத்த வியாழக்கிழமை விசாரணை. கையெழுத்து கண்காணிப்பாளர். படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. பதினான்கு வருஷமாக வரம்பை எடு, வரம்பை எடு என்று அவள் உயிரை எடுத்த மனிதர், இப்போது ஏன் வரம்பு வைக்கவில்லை என்று கேட்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தை இடித்தவரே கோணலைப் பற்றி ஓலை அனுப்புகிறார்.

சனிக்கிழமை மருந்து அறையில் தனியாக இருந்தபோது சதவீதம் வந்தார்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் சிஸ்டர். தெரியாதுன்னு சொன்னீங்கல்ல, அதையே சொல்லுங்க. தொண்ணூறு சதவீதம் முடிஞ்ச மாதிரிதான்."

"எங்க அக்கா வேலை போயிடும் சார்."

"அவங்களுக்குத் திறமை இருக்கு, வேற இடம் கிடைக்கும். உங்களுக்கு? லாகின் குடுத்தது வெளிய வந்தா உங்க இருபத்தொரு வருஷமும் போச்சு."

ஓங்கி ஓர் அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. கையில் இருந்த பஞ்சைக் கசக்கிக்கொண்டு நின்றேன். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சாமியாடுகிற எனக்கு, கோபப்பட வேண்டிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் அக்கா வழக்கம்போலத் துணி துவைத்தாள், பாத்திரம் கழுவினாள். என்னிடம் உப்பு எடு, அடுப்பை அணை என்பதற்கு மேல் பேசவில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு நான்கு கத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லை. மாமாதான் ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும்போது மெதுவாகச் சொன்னார். "உங்க அக்கா நாலு நாளா சாப்பாட்ட பாதியில வச்சிட்டு எழுந்திரிக்கிறா. உனக்கு ஏதாவது தெரியுமா?" நான் நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

புதன்கிழமை பெயிண்டரின் மனைவி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் அவருடைய போர்வை, துவைத்து மடித்தது.

"சிஸ்டர், அன்னைக்கு நீங்கதானே இருந்தீங்க? ரத்தம் ஏன் அவ்வளவு நேரமாச்சு?"

"சிஸ்டம் ஸ்லோம்மா" என்றேன். இருபத்தொரு வருஷமாக எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தை. வாய் தானாகச் சொன்னது.

"அந்த சிஸ்டத்தப் பாத்துக்கற அம்மாதான் காரணம்னு மேல சொல்றாங்க. எதையோ ஒழுங்கா வைக்காம விட்டுட்டாங்களாம்." அவள் குரல் உயரவில்லை. "அவரு கை இனி வருமான்னு தெரியல. பிரஷ்ஷப் புடிச்ச கை. அந்தப் பொம்பள நல்லா இருப்பாளா சிஸ்டர்? இருக்கவே மாட்டா."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதைச் சொல்லாகத்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது என் முன்னால் போர்வையோடு நின்றது. சாபம் விட்டவள் என்னைத்தான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் சாபம் என்னைத் தாண்டிப் போய்க் தரைத் தளத்துக் கடைசியில் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தவள் மேல் விழுந்தது. அவள் போட்ட வரிசையால் பதினான்கு வருஷத்தில் எத்தனை பேருக்கு நேரத்துக்கு ரத்தம் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேருக்கு ஏற்றியது நான்தான்.

வியாழக்கிழமை பதினொரு மணி. அதே கூட்ட அறை, அதே போன் தட்டு. மேசைக்கு அந்தப் பக்கம் கண்காணிப்பாளரும் இரண்டு அதிகாரிகளும். இந்தப் பக்கம் அக்கா, நான், சதவீதம். முதல் வரிசைக்கு ஏன் வரம்பு இல்லை என்று அக்காவைக் கேட்டார்கள். அவள் எழுந்து நின்று, உயிர் போகிற நேரத்துக் கேள்வியை வெட்டக் கூடாது என்று வைத்தேன், அது என் முடிவு, அதில் தப்பு இருந்தால் அது என் தப்பு என்றாள். என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

அடுத்து என்னைக் கேட்டார்கள். கண்காணிப்பாளரே பதிலையும் எடுத்துக் கொடுத்தார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஏற்கெனவே சொல்லியிருக்கீங்க. அப்படித்தானே?"

"தெரியும் சார். என் நாற்காலில உக்காந்தது இவர். லாகின் போட்டுக் குடுத்தது நான்."

"சிஸ்டர், யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சதாலதான் சார் ஒன்பது நாள் ஆச்சு."

"நூறு சதவீதம் பொய்" என்றார் சதவீதம்.

நான் திரும்பினேன். ஒன்பது நாளாக ஒட்டிக்கொண்டிருந்த நாக்கு அவிழ்ந்தது. "பொய்யா? கூட்டத்துல விவரம் கேக்குறாங்க, ரெண்டே நிமிஷம்னு கெஞ்சினது யாரு? தெரியாதுன்னு சொல்லுன்னு மருந்து ரூம்ல வந்து சொல்லிக் குடுத்தது யாரு? உங்க ரெண்டு நிமிஷத்துல ஒரு மனுஷனுக்குக் கை போச்சு."

அதிகாரிகளில் ஒருத்தி, கண்ணாடி போட்டவள், என்னைக் கேட்டாள். "எதுக்காக லாகின் குடுத்தீங்க?"

"எங்க அக்கா மேல கோபம்மா. முந்தின நாள் என் கேள்விய வெட்டிட்டா."

அக்கா அப்போதுதான் மறுபடி வாய் திறந்தாள். "என் அறிக்கையில நாலாம் பக்கம் பாருங்க. அன்னைக்கு ஓடின கேள்விய அப்படியே எழுதியிருக்கேன். அன்னைய கூட்டத்துக்கு கண்காணிப்பாளர் சார் கேட்டிருந்த விவரத்தையும் பக்கத்துல வச்சிருக்கேன். வரிக்கு வரி ஒண்ணுதான்." கண்ணாடிக்காரி நாலாம் பக்கத்தைப் புரட்டினாள். அதுவரை யாரும் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை. ஒருத்தியின் வேலையைப் பறிக்க ஒரு பக்கம் படித்தால் போதும் என்று இருந்திருக்கிறார்கள். கண்காணிப்பாளர் தண்ணீர் குடித்தார்.

அக்காவின் வேலை தப்பியது. சதவீதத்துக்கு இடமாற்றம். கண்காணிப்பாளருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகாது என்று எனக்கும் தெரியும், தெரிந்தும் வயிறு எரிகிறது. என்னை அவசர சிகிச்சையிலிருந்து எடுத்து ஆவண அறைக் கவுன்டரில் போட்டார்கள். அன்றைக்கே அக்கா முதல் வரிசைக்கும் ஒரு நிமிஷ வரம்பு வைத்தாள்.

அறையை விட்டு வெளியே வந்ததும் நேராகப் பெயிண்டர் படுத்திருந்த வார்டுக்குப் போனேன். அவர் மனைவியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"அப்ப நேத்து நான் திட்டினது உங்களையா?"

"ஆமாம்மா."

திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் எடுத்துக்கொள்ளவில்லை. "போங்க. அவருக்கு மாத்திரை நேரம்" என்றாள்.

சாயங்காலம் சமையலறையில் அக்காவும் நானும் மட்டும். அவள் பாத்திரம் கழுவ, நான் துடைத்து அடுக்கினேன். ஏதாவது சொல்லுவாள், நல்லவேளை வந்து சொன்னாயே என்றாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். கடைசிப் பாத்திரத்தைக் கையில் கொடுக்கும்போது சொன்னாள்.

"அந்த ஆள பதினேழு நிமிஷம் நிக்க வச்ச. என்னைய ஒன்பது நாள்."

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பதிலுக்குக் கோபம் வரவில்லை. பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே நின்றேன். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஆவண அறைக் கவுன்டரில் ஒரு காலை. மறுபரிசோதனைக்கு வந்தவர்களின் பழைய கோப்பை எடுத்துக் கொடுப்பதுதான் இப்போது என் வேலை. தலை நிமிர்ந்தால் பெயிண்டரின் மனைவி நிற்கிறாள். பின்னால் பெஞ்சில் அவர், வலது கை மடியில், விரல்கள் ஒரு காகிதத்தை மெல்ல மடித்துக்கொண்டிருந்தன. பதிவு எண் எழுதிய சீட்டு தொலைந்துவிட்டதாம். பெயரை மட்டும் சொன்னாள். ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற பெயர். அதை அப்படியே தட்டினேன். வட்டம் சுற்றியது. முப்பது விநாடி. வெட்டு. இன்னொரு தடவை தட்டினேன். மறுபடியும் வெட்டு. எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நான் ஆவண அறைல இருந்து பேசறேன். ஒரு கோப்பு தேடினா வெட்டிக்கிட்டே இருக்கு."

"மூணாவது வரிசை அப்படித்தான். கேள்வியச் சின்னதாக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். தங்கச்சி என்று ஒரு விநாடி கூடுதல் இல்லை.

பெயிண்டரின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சிஸ்டர், சிஸ்டம் ஸ்லோவா?"

"இல்லம்மா, சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்" என்றேன். பெயரோடு அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியையும் சேர்த்துத் தட்டினேன். அந்தத் தேதியை நான் அவளிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.